எர்த் பின்னில் கை வைக்காதீர்கள்: கிட்டார் பெடல், ப்ரீஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிறு சர்க்யூட்) கேள்வி-பதில்

பழைய ரேடியோவில் கழற்றிய இரண்டு ஏசி128 டிரான்சிஸ்டர் வைத்து ஃபஸ் ஃபேஸ் (ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல்) கட்டினேன். காலையில் அருமையாக இருக்கிறது. மதியம் மூன்று மணிக்கு மேல் ஒலி கிழிந்து, நோட் பாதியிலேயே செத்துவிடுகிறது. டிரான்சிஸ்டர் போய்விட்டதா? (வாசகர், திருச்சி)

போகவில்லை. ஏசி128 ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர், ஜெர்மேனியத்தின் குணமே அதுதான். சூடு ஏறினால் லீக்கேஜ் (வேண்டாமல் கசியும் கரண்ட்) ஏறும். சுமார் 10 டிகிரிக்கு இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1966இல் இங்கிலாந்தில் வெளிவந்த சர்க்யூட் இது. அந்த ஊர்க் குளிருக்குச் சரியாக இருந்த பயாஸ் (சிக்னல் இல்லாதபோது டிரான்சிஸ்டர் நிற்கும் வோல்டேஜ்) திருச்சி வெயிலில் நிற்காது.

இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் அளந்து பாருங்கள். கிரவுண்டிலிருந்து மைனஸ் 4.5 வோல்ட் பக்கத்தில் இருக்க வேண்டும். மதியம் அது அங்கிருந்து நகர்ந்திருக்கும். அங்கே உள்ள 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 20 கிலோ ஓம் ட்ரிம்மர் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) போடுங்கள். நீங்கள் வாசிக்கும் அறையில், வாசிக்கும் நேரத்துச் சூட்டில் வைத்தே அதைச் சரிசெய்யுங்கள்.

டிரான்சிஸ்டர் பொறுக்கும்போது 200, 300 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் லீக் ஆவதை ஒதுக்கிவிடுங்கள். மலிவு டெஸ்டர்களில் பல, லீக்கேஜையும் சேர்த்தே கெயின் (பெருக்கும் அளவு) காட்டும். 150 என்று காட்டுவதன் உண்மையான கெயின் 80ஆக இருக்கலாம். முதலாவதுக்கு 70, 80. இரண்டாவதுக்கு 110, 120 போதும். சால்டர் வைக்கும்போது காலில் ஒரு முதலைக் கிளிப் மாட்டிக்கொள்ளுங்கள், சூடு அதில் இறங்கிவிடும்.

இன்னொன்று. இது பாசிட்டிவ் கிரவுண்ட் பெடல், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ்தான் கிரவுண்டில் சேரும். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோத்தால் கிட்டார் வயரின் ஷீல்டு வழியாகவே சப்ளை ஷார்ட் ஆகிவிடும். இதற்குத் தனி பேட்டரி போடுங்கள்.

பெடல் வேலை செய்யவில்லை. போட்டோ அனுப்பியுள்ளேன். என்ன தப்பு?

என்ன சர்க்யூட் என்று எழுதவில்லை. சத்தம் சுத்தமாக வரவில்லையா, குறைவாக வருகிறதா என்றும் இல்லை. ஒரு வோல்டேஜ்கூட இல்லை. இதை வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் இதே மாதிரி நாலைந்து கடிதங்கள் வருகின்றன, ஒவ்வொரு முறையும் இதையேதான் சொல்கிறேன்: அளந்து எழுதுங்கள். பேட்டரி எவ்வளவு, டிரான்சிஸ்டரின் மூன்று காலிலும் எவ்வளவு, ஐசி இருந்தால் எட்டுக் காலிலும் எவ்வளவு.

9 வோல்ட்டில் ஓடும் டபுள் ஆப்-ஆம்ப் (ஒரே ஐசிக்குள் இரண்டு ஆம்ப்ளிஃபயர்) என்றால் 1, 7 ஆகிய கால்களில் 4.5 பக்கம் வர வேண்டும். வந்தால் டிசி சரி, சிக்னல் எங்கே நிற்கிறது என்று தேடலாம். ஒரு கிட்டார் வயரின் நுனியில் 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரைக் கோத்து, அதன் மறுகாலை ஊசியாகப் பிடித்து, ஷீல்டை பெடலின் கிரவுண்டில் கவ்வவிட்டு, வயரின் மறுமுனையை ஆம்பில் செருகுங்கள். சிக்னல் போகும் வழியில் இன்புட்டிலிருந்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே வாருங்கள். சத்தம் எங்கே காணாமல் போகிறதோ அங்கேதான் தப்பு. பாதி நேரம் சரியாக ஒட்டாத சால்டராகத்தான் இருக்கும்.

9 வோல்ட் பெடலுக்கு 12 வோல்ட் அடாப்டர் போடலாமா?

கட்டியது நீங்கள் என்றால் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் எல்லாம் 16 வோல்ட்டோ அதற்கு மேலோ தாங்குவதா என்று பாருங்கள். மேக்ஸ் 1044 சார்ஜ் பம்ப் (வோல்டேஜை மாற்றித் தரும் ஐசி) இருந்தால் கூடவே கூடாது, 10 வோல்ட்டுக்கு மேல் அது கருகிவிடும். எந்த அடாப்டரானாலும் செருகுவதற்கு முன் அளந்து பாருங்கள்: பெரும்பாலான பெடல்களுக்கு நடுவில் நெகட்டிவ், வெளியே பாசிட்டிவ்.

கிட்டாருக்குள் எஃப்இடி (ஒரு வகை டிரான்சிஸ்டர்) ப்ரீஆம்ப் வைத்தேன். அன்றிலிருந்து கம்பியைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இழுக்கிறது. பிரிட்ஜுக்கு (கம்பிகளைத் தாங்கும் உலோகப் பகுதி) போகும் கிரவுண்ட் வயரை வெட்டிவிடச் சொல்கிறார் நண்பர். ஆம்பின் பிளக்கில் மூன்றாவது பின்னை (எர்த் பின்) முன்பே எடுத்துவிட்டோம், இரைச்சல் குறைந்தது. வயரையும் வெட்டலாமா? (சர்ச் இசைக்குழுவில் வாசிப்பவர், நாகர்கோவில்)

வெட்டாதீர்கள். அதைவிட முக்கியம், அந்த ஆம்பை இன்றே நிறுத்துங்கள். மூன்று பின்னும் உள்ள புது பிளக் போடும்வரை அதில் யாரும் வாசிக்க வேண்டாம்.

உங்கள் ப்ரீஆம்பில் இருப்பது 9 வோல்ட் பேட்டரி. அது யாருக்கும் ஷாக் கொடுக்காது. கம்பியில் வருவது ஆம்பிலிருந்து வருகிறது. கிட்டார்க் கம்பி, பிரிட்ஜ், ஜாக், வயரின் ஷீல்டு, ஆம்பின் சேசிஸ் (உலோக உடல்) எல்லாம் ஒரே இணைப்பு. ஆம்புக்குள் டிரான்ஸ்ஃபார்மரோ கெபாசிட்டரோ கொஞ்சம் லீக் ஆனால் அது எர்த் வயர் வழியாகப் போக வேண்டும். அந்த வழியை நீங்கள் பிடுங்கிவிட்டீர்கள். இப்போது அதற்கு இருக்கும் வழி உங்கள் உடம்புதான். இன்று சுர்ரென்று இழுப்பதோடு நிற்கிறது. உள்ளே கரண்ட் வரும் பேஸ் (phase) வயர் ஒன்று கழன்று சேசிஸில் பட்டால் கம்பியில் 230 வோல்ட் வந்து நிற்கும். எர்த் இருந்தால் அந்த நொடியே ஃபியூஸ் போயிருக்கும்.

இது கற்பனைப் பயமில்லை. 1972இல் வேல்ஸில் உள்ள ஸ்வான்சியில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி மேடையிலேயே இறந்தார். கையில் கிட்டார், தொட்டது சரியாக எர்த் ஆகாத மைக். ஒரு கை கம்பியில், உதடு மைக்கில்: பாடிக்கொண்டே வாசிக்கும் எல்லோரும் இப்படித்தான் நிற்கிறோம். நீங்கள் வாசிப்பது சர்ச்சில். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு, கழுவி ஈரம் காயாத தரையில் நிற்பவர்களும் உண்டு.

இந்த ஊரில் இன்னொரு கொடுமை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மேலே மூன்று ஓட்டை அழகாக இருக்கும். திறந்து பார்த்தால் உள்ளே வருவது இரண்டு கோர் வயர், எர்த் முனை வெறுமனே நிற்கும். பந்தல் மேடைகளிலும் ஹால்களிலும் இதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிகிறது. மூன்று பின் பிளக்கைச் செருகியும் எர்த் கிடையாது! சுவரில் உள்ள சாக்கெட்டிலும் இதே நிலை இருக்கலாம். அளக்கும் முறை: பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230, பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே 230, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட். பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே நூறோ பூஜ்யமோ காட்டினால் அங்கே எர்த் இல்லை. சாக்கெட்டில் அளந்து பழக்கம் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (லீக் ஆனால் கரண்டை நிறுத்தும் சுவிட்ச்) ஒன்றும் போடச் சொல்லுங்கள். விளக்கு எரியும் டெஸ்டர் பேஸைத்தான் காட்டும், எர்த் இருக்கிறதா என்று சொல்லாது.

சரி, இரைச்சலுக்கு என்ன செய்வது? ஆம்பையும் மிக்ஸரையும் ஒரே சாக்கெட்டிலிருந்து எடுங்கள். அதற்குப் பிறகும் ஹம் வந்தால், நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்குக் கொடுக்கும் பெட்டி) வைத்து அதிலுள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். அது சிக்னல் வயரின் கிரவுண்டைத்தான் பிரிக்கும், மெயின்ஸ் எர்த்தைத் தொடாது. பிரிட்ஜ் வயர் அப்படியே இருக்கட்டும். அதை வெட்டினால் உங்கள் உடம்பே ஆன்டெனாவாகி ஹம் கூடும், ஆம்பில் உள்ள கோளாறும் அப்படியே இருக்கும்.

ட்யூப் ஸ்க்ரீமர் பெடலுக்கு 4558 ஆப்-ஆம்ப் சிப் நல்லதா, டிஎல்072 நல்லதா?

எட்டுக் கால் சாக்கெட் வைத்து இரண்டையும் மாற்றிப் போட்டுக் கேளுங்கள், காசு கொஞ்சம்தான். அந்தப் பெடலின் குரல் சிப்பில் இல்லை. ஃபீட்பேக்கில் உள்ள டயோடுகளிலும், 4.7 கிலோ ஓம், 0.047 மைக்ரோ ஃபாரட் ஜோடியிலும் இருக்கிறது. சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே கெயின் குறைந்துகொண்டே போகும். அடி ஒலி வேண்டுமென்றால் அந்தக் கெபாசிட்டரை 0.1 ஆக்குங்கள்.

அகூஸ்டிக் கிட்டாரில் பியெசோ பிக்கப் (அதிர்வை சிக்னலாக மாற்றும் தகடு) வைத்து, டிரான்சிஸ்டர் ப்ரீஆம்ப் கட்டினேன். தகரத்தைத் தட்டுவதுபோல் இருக்கிறது. பேட்டரியும் ஒரே வாரத்தில் தீர்ந்துவிடுகிறது. (மாணவர், யாழ்ப்பாணம்)

இரண்டுக்கும் தனித்தனிக் காரணம். பியெசோ ஒரு கெபாசிட்டர் மாதிரி நடந்துகொள்ளும். 1 நானோ ஃபாரட் என்று வைத்தால், 1 மெகா ஓம் இன்புட்டிலேயே 160 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளது சரிய ஆரம்பிக்கும். அடிக் கம்பியின் ஈ நோட் 82 ஹெர்ட்ஸ். சாதாரண டிரான்சிஸ்டர் ஸ்டேஜின் இன்புட் சில பத்து கிலோ ஓம்தான், அடி ஒலி மொத்தமாகப் போய்விட்டது. எஃப்இடி போட்டு, அதன் கேட்டிலிருந்து (இன்புட் கால்) கிரவுண்டுக்கு 10 மெகா ஓம் வையுங்கள். பியெசோவிலிருந்து கேட் வரை ஷீல்டு வயர், முடிந்த அளவு குட்டையாக.

பேட்டரி தீர்வதற்குக் காரணம், ஜாக் கழற்றினாலும் சர்க்யூட் ஓடிக்கொண்டே இருப்பது. ஸ்டீரியோ ஜாக் போட்டு பேட்டரியின் நெகட்டிவை ரிங்கில் கொடுங்கள். மோனோ பிளக் உள்ளே போகும்போது ரிங்கும் ஸ்லீவும் சேர்ந்து ஆன் ஆகும். வாசித்து முடித்ததும் பிளக்கைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான். அரை மில்லி ஆம்பியர் இழுக்கும் ஸ்டேஜ் ஒரு நல்ல அல்கலைன் பேட்டரியில் ஆயிரம் மணி நேரம் போகும். பேட்டரியைச் சுற்றி ஸ்பாஞ்ச் வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே கடகடக்கும்.

சாதாரண எலக்ட்ரிக் கிட்டாருக்கும் ப்ரீஆம்பை உள்ளே வைக்க வேண்டுமா?

ஆறு மீட்டர் வயரில் மட்டும் சுமார் 600 பிக்கோ ஃபாரட் சேர்ந்து பிக்கப்பின் மேல் ஒலியைத் தின்னும். உள்ளே பஃபர் (சிக்னலைப் பெருக்காமல் வலுப்படுத்தும் சர்க்யூட்) இருந்தால் அது நடக்காது. ஆனால் மேலே நான் சொன்ன ஜெர்மேனியம் ஃபஸ் பஃபரோடு ஒத்துப்போகாது. ஃபஸ் பிடிக்கும் என்றால் பைபாஸ் சுவிட்ச் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் சுவிட்ச் பாக்ஸில் கட்டினேன். ட்யூப் லைட் போட்டால் பெடல் இரைகிறது.

உள்பக்கம் முழுக்க அலுமினிய ஃபாயில் ஒட்டி, அதைக் கிரவுண்டோடு சேருங்கள். அலுமினியத்தில் சால்டர் ஒட்டாது, ஜாக்கின் வாஷரின் கீழ் அழுத்தி வையுங்கள். சர்க்யூட் படும் இடத்தில் இன்சுலேஷன் டேப். அடுத்த முறை உலோகப் பெட்டியே வாங்கிவிடுங்கள்.

சுவிட்சை மிதித்தால் டப்பென்று சத்தம்.

இன்புட்டிலும் அவுட்புட்டிலும் கெபாசிட்டருக்கு வெளியே கிரவுண்டுக்கு ஒவ்வொரு 1 மெகா ஓம் ரெசிஸ்டர்.

2என்5088 டிரான்சிஸ்டர் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கவில்லை. பிக் மஃப் ஃபஸ் பெடலில் பிசி549 போட்டேன், சத்தமே இல்லை. போலி டிரான்சிஸ்டரா?

போலி இல்லை, கால் மாறியிருக்கிறது. தட்டை முகம் உங்களைப் பார்க்கும்படி, கால் கீழே இருக்கும்படி பிடித்தால் 2என்5088க்கு இடமிருந்து எமிட்டர், பேஸ் (base), கலெக்டர். பிசி549க்கு கலெக்டர், பேஸ், எமிட்டர். நான்கு டிரான்சிஸ்டரையும் கழற்றி, திருப்பிப் போடுங்கள். போட்டபின் ஒவ்வொரு கலெக்டரிலும் எவ்வளவு வோல்ட் என்று அளந்து எழுதுங்கள்.