63 பிள்ளைகள், எமிஸில் 58: மூன்றாவது ஆசிரியர் பணியிடம் நிலைக்குமா?

கேள்வி: எங்கள் ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளியில் 63 பிள்ளைகள் படிக்கிறார்கள் (1ஆம் வகுப்பிலிருந்து வரிசையாக 8, 10, 13, 15, 17). எமிஸ் (மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் இணையத் தளம்) 58 என்கிறது. ஓர் ஆசிரியர் உபரியாகிவிடுவாரா?

பதில்: 58 அப்படியே நின்றால் ஆகிவிடுவார். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணைப்படி, தொடக்க நிலையில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூவர். பணியிட நிர்ணயத்துக்கு ஆகஸ்ட் 1 நிலவரத்தைத்தான் எடுப்பார்கள். அதற்குப் பிறகு ஏற்றும் பெயர் அந்த ஆண்டுப் பணி நிரவலில் (உபரி ஆசிரியரை வேறு பள்ளிக்கு மாற்றுவதில்) உதவாது.

சேர்க்கைப் பதிவேட்டையும் வருகைப் பதிவேட்டையும் எமிஸ் பட்டியலோடு பெயர் பெயராக ஒப்பிடுங்கள். மொத்தத்தை மட்டும் கூட்டிப் பார்ப்பது வீண். இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்துவிடும். விடுபடும் ஐந்து பேரில் பெரும்பாலோர் வேறு பள்ளியிலிருந்து வந்தவர்களாக இருப்பார்கள். பழைய பள்ளி அந்தப் பெயரைக் காமன் பூலுக்கு (எமிஸில் பள்ளி மாறும் பிள்ளைகளின் பொதுப் பட்டியலுக்கு) விடாதவரை உங்களால் எமிஸில் சேர்க்க முடியாது. கட்டணப் பாக்கி என்று தனியார் பள்ளி மாற்றுச் சான்றிதழைப் பிடித்து வைத்திருந்தாலும், பிள்ளையைச் சேர்க்கத் தடையில்லை. சட்டத்தின் 5ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. பெயரை விடும்படி பழைய பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள், நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். பழைய எமிஸ் எண் இருக்கும் பிள்ளைக்குப் புது எண் போட்டுவிடாதீர்கள். இரட்டைப் பதிவு பின்னால் பெரிய தலைவலி. எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

ஆனால் எனக்கு உறுத்துவது அந்த ஐந்து பேரல்ல, வகுப்புவாரி எண்ணிக்கை. 17 பேர் 5ஆம் வகுப்பை முடித்துப் போனால் மிச்சம் 46. அடுத்த ஆண்டு 61-ஐத் தொட 1ஆம் வகுப்பில் மட்டும் 15 பேர் வேண்டும். இப்போது வந்திருப்பது 8. அங்கன்வாடிப் பதிவேட்டிலிருந்து அடுத்த ஜூலை 31-க்குள் 5 வயது நிறைபவர்களைத் தெரு வாரியாக எழுதுங்கள். பெயர் இருந்தும் பள்ளிக்கு வராத வீடுகளை ஆண், பெண் பிரித்துக் குறியுங்கள். அண்ணனை வேனில் ஏற்றி, தங்கையை மட்டும் இங்கே அனுப்பும் வீடு அதில் தெரிந்துவிடும். சமூக வாரியாகச் சதவீதம் போட்டு ஏற்றஇறக்கம் பார்க்க வேண்டாம்: 63 பேரில் ஒரு பிள்ளையே 1.6 சதவீதம். தலை எண்ணிக்கையே போதும்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இந்தப் பட்டியலை ஜனவரியிலேயே வையுங்கள். ஏப்ரலுக்குள் தனியார் பள்ளிக்கு முன்பணம் கட்டிய வீட்டைத் திருப்புவது கடினம்.