வாங்காமல் திருப்பிய வரி

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் டீக்கடையில் எங்களுக்குக் கண்ணாடி கிளாஸ், காலனிக்காரர்களுக்குக் காகிதக் கப். களை எடுக்க வந்த ஓர் அம்மா சூடு தாங்காமல் அந்தக் கப்பை முந்தானையில் பிடித்துக் குடித்தார். பொறுக்க முடியாமல், அவருக்கும் கிளாஸில் கொடுக்கச் சொல்லிச் சத்தம் போட்டேன். இப்போது அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் புரவி எடுப்புத் திருவிழாவுக்கு என் வீட்டுப் பங்கான ஊர் வரியை வாங்க மறுக்கிறார்கள். ஊர்க் கூட்டத்துக்கும் அழைப்பில்லை. பாதிக்கப்பட்டவருக்குச் சட்டம் உண்டு. பக்கத்தில் நின்று கேட்டவனுக்கு?

— ஒரு வாசகர், தேவகோட்டைப் பக்கம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பெயரையும் ஊரையும் நானே எடுத்துவிட்டேன்.

உங்களுக்கும் சட்டம் உண்டு. குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 1955, பிரிவு 7(2). தீண்டாமையைக் கடைப்பிடிக்க மறுத்ததற்காக ஒருவரைச் சொந்தச் சமூகத்தாரே ஒதுக்கிவைத்தாலும், அவருக்குரிய உரிமையை மறுத்தாலும் அது குற்றம். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, அபராதமும் உண்டு. நம் பக்கத்தில் வரி வெறும் பணமா? வரி கட்டிய வீட்டுக்குத்தான் கூட்டத்தில் பேச வாய் உண்டு. அதைத் திருப்பி அனுப்பினால், நீ எங்கள் ஊரான் இல்லை என்றுதான் பொருள். அந்தப் பிரிவு சொல்லும் விலக்கிவைத்தல் இதுவே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

டீக்கடை விவகாரம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கானால் நீங்கள் சாட்சி. 2015 திருத்தம் சேர்த்த 15ஏ பிரிவின்படி, மிரட்டலிலிருந்து சாட்சியைக் காப்பது அரசின் கடமை. விசாரணைக்கு வந்துபோகும் செலவும் தர வேண்டும். கேட்டால் உங்கள் பெயரையும் முகவரியையும் மறைத்துவைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம்.

ஏட்டில் இருப்பதெல்லாம் தானாக வந்து நிற்காது. உங்கள் பக்கத்துக் கண்டதேவிக் கோயில் தேர், வடம் பிடிப்பதில் எழுந்த சாதிப் பிரச்சினையால் பல ஆண்டுகள் நிலையிலேயே நின்று, உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் 2024 ஜூனில் ஓடியது. காவல் நிலையத்திலும் முதலில் 'ஊரோடு சமாதானமாகப் போங்கள்' என்பார்கள். ஆகவே கையில் எழுத்து வேண்டும். யார், எந்தத் தேதியில், யார் முன்னால் வரியை மறுத்தார் என்று இன்றே எழுதிவையுங்கள். காரணம் கேட்டு ஊர்ப் பெரியவருக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் வையுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த அம்மாவைக் கேட்காமல் டீக்கடைப் புகாரை எழுதாதீர்கள். நாளைக்கும் அவர் அதே ஊர் வயலில்தான் களைக்கு இறங்க வேண்டும். கூலி நின்றால் அவர் வீட்டில் உலை கொதிக்காது. வரி பற்றிய புகார் உங்களுடையது, அதை நீங்கள் தனியாகவே கொடுக்கலாம்.

கொடுக்கப் போகும்போது தனியாகப் போக வேண்டாம். நாளைச் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.