சீக்கியப் புனித நூல் பெண்ணைச் சமமாகப் பார்க்கிறதா? இன்று அதை எப்படிப் படிப்பது?

“ராஜாக்களையே பெறுகிறவளை எப்படி இழிவாகப் பேசலாம் என்று குரு நானக் பாடியிருக்கிறார் என்கிறார்களே, அது உண்மையா? உண்மையென்றால் பொற்கோயிலில் பெண்கள் ஏன் கீர்த்தன் பாடுவதில்லை?” இதுதான் கேள்வி.

நான் சீக்கியர் அல்ல. வங்கி வேலையில் மாற்றலாகிப் போய் ஜலந்தரில் சில வருஷம் இருந்தவள். குடியிருந்தது ஒரு சீக்கியக் குடும்பத்தின் வீட்டு மாடியில். அங்கே பார்த்ததையும், அப்புறம் ஆர்வத்தில் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

பாடியிருப்பது உண்மைதான். குரு கிரந்த் சாகிப்பின் 473-ஆம் பக்கத்தில், ‘ஆசா தி வார்’ என்ற நீண்ட பாடலுக்குள் வருகிறது. பெண்ணிடம் கருவாகிறோம், பெண்ணிடம் பிறக்கிறோம், பெண்ணோடுதான் நிச்சயதார்த்தமும் கல்யாணமும், ஒருத்தி இறந்துபோனால் இன்னொருத்தியைத் தேடுகிறோம், அரசர்களைப் பெறுகிறவளை ஏன் தாழ்த்திப் பேச வேண்டும் என்பது சாரம். மகளிர் தினம் வந்தால் இந்த ஒரு வரி பூப்படத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றும். அப்படித் தனியாகக் கத்தரித்துப் படிக்கும்போது ஒரு நியாயமான சந்தேகம் வரும்: ராஜாவைப் பெற்றால்தான் மரியாதையா? பிள்ளை பெறாதவளுக்கு, கல்யாணமே வேண்டாம் என்றவளுக்கு என்ன? ஆணுக்குப் பயன்படுவதால் பெண் உயர்ந்தவள் என்பதில் சமத்துவம் எங்கே இருக்கிறது?

அதனால்தான் ஒரு பக்கம் முன்னே போகச் சொல்கிறேன். 472-ஆம் பக்கத்தில் நானக் பேசிக்கொண்டிருப்பது தீட்டைப் பற்றி. பிள்ளை பிறந்த வீட்டுக்குத் தீட்டு, அவர்கள் மொழியில் சூதக். அதை அவர் சாமியார் போல் உபதேசம் செய்து மறுக்கவில்லை, வக்கீல் போல் மடக்குகிறார். தீட்டு என்று ஒன்று இருந்தால் அது எல்லா இடத்திலும் இருக்க வேண்டும். எரிக்கிற சாணத்திலும் விறகிலும் புழு இருக்கிறது. தானியத்தில் ஒரு மணிகூட உயிரில்லாமல் இல்லை. எல்லாவற்றையும் பச்சையாக்குகிற தண்ணீரே உயிர்தான். அப்படியானால் உங்கள் அடுப்படியிலேயே நாள் முழுக்கத் தீட்டுதானே என்கிறார். அடுத்து, மனதுக்குத் தீட்டு பேராசை, நாக்குக்குத் தீட்டு பொய், கண்ணுக்குத் தீட்டு அடுத்தவன் மனைவியையும் சொத்தையும் பார்ப்பது என்று கணக்கைத் திருப்பிப் போடுகிறார். சூதகம் எல்லாமே பிரமை, பிறப்பும் இறப்பும் இறைவன் ஆணை என்று முடிக்கிறார். அதற்குப் பிறகு, குளித்து மடியாக வந்து உட்கார்ந்து, மடியான சாப்பாட்டைச் சாப்பிடுகிறவரைப் பற்றி ஒரு கிண்டல். அது முடிந்த கையோடுதான் “பெண்ணிடம் பிறக்கிறோம்” என்ற வரிகள்.

இப்படி வரிசையாகப் படித்தால் அது தாய்மைப் புகழ்ச்சி இல்லை என்று தெரியும். பெண்ணுடம்பு தீட்டு என்று சொல்கிறவனைப் பார்த்து, நீ வந்த வழியே அதுதானே என்று கேட்கிற கேள்வி. ராஜா அங்கே வருவது, ராஜாவுக்கே விதிவிலக்கு இல்லை என்று காட்டத்தான். கடைசியில், பெண்ணும் பெண்ணிடமிருந்துதான் பிறக்கிறாள், பெண்ணில்லாமல் வந்தது அந்த மெய்ப்பொருள் ஒன்றுதான் என்று முடிகிறது. மகனைப் பெறுவதற்காகத்தான் மரியாதை என்றால் மகள் பிறப்பதைச் சொல்லவே வேண்டாமே. என் பார்வையில் இந்தக் கடைசி இரண்டு வரிதான் முக்கியம். வாட்ஸ்அப் படத்தில் அநேகமாக இருக்காது.

சரி, இதை வீட்டில் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்? கீழ்வீட்டு மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. 13 நாள் அவள் அடுப்படிப் பக்கம் வரக்கூடாது என்று வைத்திருந்தார்கள். அதே வீட்டில் தினமும் விடியற்காலையில் டிவியில் அமிர்தசரஸிலிருந்து ஆசா தி வார் ஓடும், மாடிவரை கேட்கும். வீட்டுப் பாட்டியை எல்லோரும் பீஜி என்பார்கள், நானும் அப்படித்தான். “பீஜி, சூதகமே பிரமை என்று காலையில்தானே பாடினார்கள்?” என்று கேட்டுவிட்டேன். அவர் பட்டாணி உரிப்பதை நிறுத்தாமல், “தெரியும் மகளே. அடுப்படிக்கு வந்துவிட்டால் அன்றைக்கே ரொட்டி போடச் சொல்லிவிடுவார்கள். கிடக்கட்டும் பாவம்” என்றார்.

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. தீட்டை எடுத்துவிட்டால் அதோடு சேர்ந்து அவளுக்கு இருக்கிற ஓய்வும் போய்விடும் என்பது பீஜியின் கணக்கு. தீட்டு போக வேண்டும், ஓய்வு இருக்க வேண்டும் என்றால் வீட்டில் வேறு யாராவது ரொட்டி போட வேண்டும். குருத்வாராவில் எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் லங்கரில் சர்தார்ஜிகள் மணிக்கணக்காக உட்கார்ந்து ரொட்டி தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன், சந்தோஷமாகச் செய்வார்கள். அதே கை வீட்டில் பூரிக்கட்டையைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

473-ஆம் பக்கம் தனியாக நிற்கவும் இல்லை. மூன்றாவது குருவான அமர்தாஸ், கணவனின் சிதையில் எரிகிறவள் சதி அல்ல, பிரிவின் வேதனையிலேயே உயிர் விடுகிறவளே சதி என்கிறார் (பக்கம் 787). அடுத்த பக்கத்தில், சேர்ந்து உட்கார்ந்திருப்பதால் மட்டும் கணவன் மனைவி ஆகிவிட மாட்டார்கள், இரண்டு உடலில் ஒரே ஒளியாக இருப்பவர்களே தம்பதி என்கிறார். ஆணுக்குள் பெண், பெண்ணுக்குள் ஆண் என்பது நானக்கின் வரி (பக்கம் 879). எனக்கு மிகவும் பிடித்தது 967-ஆம் பக்கம். இரண்டாவது குரு அங்கதின் மனைவி மாதா கீவியைப் பெயர் சொல்லிப் பாடுகிறார்கள் சத்தா, பல்வந்த் என்ற பாட்டுக்காரர்கள்: இலையடர்ந்த மரம் போல் நிழல் தருகிறவள், அவள் லங்கரில் நெய் விட்ட பாயசம் கிடைக்கும் என்று. தத்துவத்துக்கு நடுவில் பாயசமும் நெய்யும் வருவது பஞ்சாபுக்கே உரிய அழகு.

சங்கடமான இடங்களும் உண்டு. அவற்றை மறைத்துவிட்டு வாதாடுவதில் எனக்கு விருப்பமில்லை. அதே 472-ஆம் பக்கத்தில், பெண்ணுக்கு மாதாமாதம் தூரம் வருவதுபோல் பொய்யன் வாயில் பொய் திரும்பத் திரும்ப வரும் என்று ஓர் உவமை இருக்கிறது. 304-ஆம் பக்கத்தில் நான்காவது குரு ராம்தாஸ், பெண்பிள்ளை சொல்படி நடக்கிற ஆண்களை அசுத்தமானவர்கள், மூடர்கள் என்று திட்டுகிறார். இரண்டுக்கும் சமாதானம் சொல்வார்கள். முதலாவதில், உடம்பைக் கழுவி உட்கார்ந்தவன் சுத்தமானவன் அல்ல, மனதில் இறைவனை வைத்தவனே சுத்தமானவன் என்று அடுத்த வரிகள் வருவதால், கேட்பவர்கள் எதைத் தீட்டு என்று நினைத்தார்களோ அதையே எடுத்து அவர்கள் பக்கம் திருப்புகிறார் என்று கொள்ளலாம். எனக்கு இது சரியாகவே படுகிறது. இரண்டாவதில், காமத்தில் மூழ்கியவனைப் பற்றிய பேச்சு என்று வரியிலேயே இருக்கிறது. ஆனாலும் பெண் சொல் கேட்பது கேவலம் என்ற ஊர்ப்பேச்சு அதில் ஒட்டிக்கொண்டிருப்பதை இல்லை என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்து ஆண்களின் பேச்சுமொழியில் பாடப்பட்ட நூல் அது. 1430 பக்கத்தில் குருமார்கள், பக்தர்கள், பாட்டுக்காரர்கள் என்று எத்தனையோ பேர் பாடல் இருக்கிறது. ஒரு பெண் எழுதியது ஒன்றுகூட இல்லை.

ஒரு உவமை வரிக்கும், ஒரு விஷயத்தை எடுத்து நேருக்கு நேர் வாதிடுகிற வரிக்கும் ஒரே எடை கொடுக்கக் கூடாது என்பது என் எண்ணம். பெண் தாழ்ந்தவளா என்று நேரடியாகக் கேட்டுப் பதில் சொல்கிற இடம் 473. மற்ற இடங்களை அதன் கீழ் வைத்துப் படிப்பதே முறை. பத்தாவது குரு கோவிந்த் சிங்கின் பெயரில் வழங்கும் தசம் கிரந்த் என்ற வேறொரு நூலில் பெண்களின் தந்திரங்களைச் சொல்லும் 404 கதைகள் கொண்ட ஒரு பகுதி இருக்கிறது. அதைக் காட்டி “பார், சீக்கியம் இப்படித்தான்” என்பவர்கள் உண்டு. அந்தப் பகுதியை எழுதியது யார் என்பதிலேயே சீக்கியர்களுக்குள் பெரிய சண்டை. குருவாக வணங்கப்படுவது குரு கிரந்த் சாகிப்தான்.

நாயகி பாவம் பற்றி ஒரு வார்த்தை. இறைவன் ஒருவனே ஆண், மற்ற எல்லோரும் பெண் என்ற பாட்டு அங்கேயும் உண்டு. பராங்குச நாயகியைத் தெரிந்த நமக்கு இது புதிதில்லை. நம்மாழ்வார் நாயகியானதால் அவர் காலத்துப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா, அதையேதான் இங்கேயும் கேட்க வேண்டும். கல்யாணத்தில் பாடும் ‘லாவன்’ என்ற நான்கு பாடல்கள் ஆன்மா இறைவனோடு சேர்வதைப் பற்றியவை. மாப்பிள்ளையும் பெண்ணும் இருவருமே அங்கே மணமகள்தான். புனித நூலைச் சுற்றி வரும்போது மட்டும் அவர் முன்னால், அவள் துணியைப் பிடித்துக்கொண்டு பின்னால். சில இளம் ஜோடிகள் பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறார்கள். பாட்டோடு பொருந்துவது அதுதான்.

இனி பொற்கோயில். ‘சீக்கிய ரெஹத் மரியாதா’ என்ற நடைமுறை விதிநூல் 1945-இல் இறுதியானது. கூட்டு வழிபாட்டில் கீர்த்தன் பாடச் சீக்கியருக்கு மட்டுமே அனுமதி என்கிறது அது. சீக்கியர் யார் என்றால், இன்னின்னதை நம்புகிற “பெண் அல்லது ஆண்” என்று முதல் வரியிலேயே பெண்ணை முன்னால் வைத்துச் சொல்கிறது. தீட்சையின்போது அமிர்தம் கொடுக்கும் குழுவிலும் பெண்கள் இருக்கலாம், முக்காட்டால் முகத்தை மூடக் கூடாது என்பதும் அதில் உண்டு. ஆக, எழுத்தில் தடையே இல்லை. மற்ற குருத்வாராக்களில் பெண்கள் பாடுகிறார்கள். ஹர்மந்திர் சாகிப் எனப்படும் பொற்கோயிலின் கருவறைக்குள் மட்டும் ஆண் ராகிகள்தான், அதாவது ஆண் கீர்த்தன் பாடகர்கள்தான். காரணம் கேட்டால் மரபு என்பார்கள். 2019 நவம்பரில் பஞ்சாப் சட்டமன்றமே இதை மாற்றச் சொல்லித் தீர்மானம் போட்டது. மத விஷயத்தில் சட்டமன்றத்துக்கு என்ன வேலை என்ற எதிர்ப்பும் வந்தது, எதுவும் நடக்கவில்லை. இத்தனைக்கும் 1925-ஆம் ஆண்டு குருத்வாரா சட்டத்திலேயே பெண்களுக்கு வாக்குரிமை வந்துவிட்டது. குருத்வாராக்களை நடத்தும் நிர்வாகக் கமிட்டிக்கு 1999-இல் பீபி ஜாகிர் கவுர் தலைவராகவே ஆனார். கமிட்டிக்கே ஒரு பெண் தலைமை ஏற்கலாம், அந்தக் கமிட்டி நடத்தும் கோயிலில் ஆர்மோனியத்தின் முன் உட்கார முடியாது.

ஆனால் உள்ளே பாட அனுமதி கிடைப்பதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. 2001 மக்கள்தொகைக் கணக்கில், சீக்கியர்களிடையே 6 வயதுவரையுள்ள குழந்தைகளில் 1000 பையன்களுக்கு 786 பெண் குழந்தைகள்தான். நாட்டின் பெரிய மதங்களில் அதுவே கடைசி. பெண் சிசுவைக் கொல்கிறவரோடு உறவே கூடாது என்று விதிநூலில் இருக்கிற சமூகம் அது. அந்த வருஷமே சீக்கியர்களின் உச்ச சமய பீடமான அகால் தக்த், பெண் கருவைக் கலைப்பதற்கு எதிராக ஆணை போட்டது. 2011-இல் பஞ்சாப் முழுவதுக்குமான எண் 798-இலிருந்து 846 ஆனது. முன்னேற்றம்தான், ஆனாலும் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இதற்கு வேர் நிலம். நான் வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் இருந்தேன். கடனுக்கு வருகிறவர் பட்வாரியிடம், அதாவது கிராமத்து நிலக் கணக்கரிடம், வாங்கிய நில ஆவண நகலைக் கொண்டுவருவார். அப்பா இறந்து பெயர் மாற்றியிருப்பார்கள். பங்குதாரர் பட்டியலில் அண்ணன் தம்பிகள் பெயர் வரிசையாக இருக்கும். “சகோதரிகள் யாரும் இல்லையா?” என்று கேட்டால், “இருக்கிறார்கள் மேடம், எழுதிக் கொடுத்துவிட்டார்கள்” என்பார்கள், தண்ணீர் குடித்தேன் என்பது போல. 1956 வாரிசுச் சட்டம் சீக்கியர்களுக்கும் சேர்த்துத்தான், மகளுக்குப் பங்கு உண்டு. ஆனால் பங்கு கேட்டவளுக்குப் பிறந்த வீட்டு வாசல் மூடிவிடும் என்ற பயம். மகள் என்றால் சீதனத்தோடு போகிறவள், மகன் என்றால் நிலத்தோடு நிற்கிறவன் என்று இருக்கும்வரை, 473-ஆம் பக்கத்துக்கு எத்தனை நல்ல உரை எழுதினாலும் 786 எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில் கிடைக்காது. உரை எழுதுகிற அறிஞர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நூல் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. தகராறு பட்வாரி அலுவலகத்தில்.

படிக்க நினைத்தால் 473-இல் தொடங்காதீர்கள், 472-ஆம் பக்கத்தின் மேலிருந்து தொடங்கி அந்தச் செய்யுள் முடியும்வரை படியுங்கள். எந்த அச்சுப் பிரதியை எடுத்தாலும் மூலம் 1430 பக்கம்தான், பக்கம் மாறாது, தேடுவது சுலபம். 304-ஐயும் அன்றைக்கே படித்துவிடுங்கள். யாராவது வாதத்தில் எடுத்துப் போடும்போது முதல் தடவையாகப் பார்க்க வேண்டியிருக்காது.