வானொலியில் உலக இசை: ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

ஆப்பிரிக்க இசையை வானொலியில் ஒலிபரப்பிய லியோ சர்கிசியன் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் கும்பகோணம் பக்கம் ஒரு சமுதாய வானொலியில் தன்னார்வலராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரவு 8 முதல் 9 மணி வரை எங்களிடம் நிகழ்ச்சி எதுவும் இல்லை. வெவ்வேறு நாட்டு இசையை அறிமுகப்படுத்தி ஒரு நிகழ்ச்சி செய்கிறேன் என்று கேட்டேன். “மொழியே புரியாத பாட்டை யார் கேட்பார்கள்? ஆசை இருப்பவர்கள் யூடியூபில் கேட்டுக்கொள்ள மாட்டார்களா?” என்றார்கள். ஆனாலும் நான்கு வாரம் செய்து பார் என்று விட்டிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

உங்கள் கட்டுரையைப் படித்த நண்பர் ஒருவர் வேறொன்றும் சொன்னார். சர்கிசியன் வேலை பார்த்தது அமெரிக்க அரசின் பிரச்சார வானொலியில்தானே, அதைப் போய் இசைத்தொண்டு என்று கொண்டாடலாமா என்கிறார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்புடன்,
ம.,
தஞ்சாவூர் மாவட்டம்

*

அன்புள்ள ம.,

நான்கு வாரம் கிடைத்திருப்பதே பெரிய விஷயம். கட்டாயம் செய்யுங்கள்.

நண்பரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கட்டுரையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: சர்கிசியன் 1921இல் அமெரிக்காவில் ஓர் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தவர். ஓவியம் படித்தவர். ஹாலிவுட் இசைத்தட்டு நிறுவனம் ஒன்றுக்காக ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், அப்புறம் ஆப்பிரிக்கா என்று ஒலிப்பதிவுக் கருவியோடு அலைந்தவர். 1960களின் தொடக்கத்தில் கினி நாட்டுத் தலைநகர் கொனாக்ரியில் அவர் இருந்தபோது, புகழ்பெற்ற செய்தியாளர் எட்வர்ட் மரோ நேரில் வந்து அவரை வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவுக்கு அழைத்தார். 1965இல் ‘மியூசிக் டைம் இன் ஆஃப்ரிக்கா’ என்ற அவருடைய நிகழ்ச்சி தொடங்கியது. 91 வயதில், 2012இல்தான் ஓய்வு பெற்றார். 2018இல் காலமானார்.

மரோ அப்போது அமெரிக்க அரசின் தகவல் முகமைக்குத் தலைவர். 1960ஆம் ஆண்டில் மட்டும் 17 ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்றிருந்தன. அவற்றின் நட்புக்கு வாஷிங்டனும் மாஸ்கோவும் போட்டி போட்டன. ஆகவே பணம் எதற்காக வந்தது என்பதில் நண்பர் சொல்வது முழுக்கச் சரி. அதை மறைத்துவிட்டு சர்கிசியனைக் கொண்டாட வேண்டியதில்லை.

ஆனால் ஒலிபரப்பானது என்ன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே வானொலியில் வில்லிஸ் கனோவர் 1955 முதல் ஜாஸ் நிகழ்ச்சி நடத்தினார். கிழக்கு ஐரோப்பாவில் அவருக்கு இருந்த செல்வாக்கு மிகப் பெரியது. அது அமெரிக்க இசையை வெளியே கொண்டுபோன நிகழ்ச்சி. சர்கிசியன் செய்தது அப்படியே தலைகீழான வேலை. ஆப்பிரிக்க இசையை ஆப்பிரிக்கர்களுக்கே ஒலிபரப்பினார். காங்கோ ரும்பா மாதிரி சில இசைகள் எல்லை தாண்டிப் பரவியிருந்தன, உண்மைதான். ஆனால் கானாவில் ஒருவர் எத்தியோப்பியக் கிராமத்துப் பாட்டைக் கேட்க அன்று என்ன வழி இருந்தது? அந்த வழியாக அவர் இருந்தார். கண்டம் முழுவதிலிருந்தும் நேயர் கடிதங்கள் வந்து குவிந்தன. அவர் சேர்த்த ஒலிநாடாக்கள் இப்போது மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் உதவியோடு டிஜிட்டல் வடிவம் பெற்றிருக்கின்றன. பணம் கொடுத்த அரசின் அன்றைய நோக்கம் காலாவதியாகிவிட்டது, நாடாக்கள் இருக்கின்றன.

அரசுப் பணம் என்று பார்த்தால், இந்த இசையில் பெரும்பகுதியே அரசு வானொலிகள் இல்லாவிட்டால் நமக்குக் கிடைத்திருக்காது. அதே கினியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் அதிபர் செக்கு துரேயின் ஆட்சி கொடுமையானது. அந்த ஆட்சிதான் மாவட்டம்தோறும் இசைக்குழுக்களுக்குக் கருவி வாங்கிக் கொடுத்து, வானொலி நிலையத்தில் பதிவு செய்து, சிலிபோன் என்ற முத்திரையில் இசைத்தட்டும் வெளியிட்டது. 1985இல் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியின்போது நிலையம் குண்டுவீச்சில் சேதமானது, நாடாக்களில் பெரும்பகுதி போய்விட்டது என்றே நினைத்தார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவில் ஓர் ஆய்வாளர் போய்ப் பார்த்தபோது 9,000க்கும் மேற்பட்ட பாடல்கள் மிஞ்சியிருந்தன. யாருடைய காசில் எடுத்த பாட்டு என்று கேட்டுவிட்டு அதையெல்லாம் நாம் ஒதுக்கிவிட முடியுமா? நான் ஒதுக்க மாட்டேன். அரசை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2025 மார்ச்சில் ஓர் அரசாணையைத் தொடர்ந்து வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் ஊழியர்கள் 1,300க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். பல பத்தாண்டுகளாக ஓடிய அலைவரிசைகள் ஊமையாயின. உங்கள் சமுதாய வானொலி பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் கேட்கும். ஆனால் அது உங்கள் ஊருடையது. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

சரி, மொழி புரியாத பாட்டை யார் கேட்பார்கள்?

மார்செல் செலியே என்றொரு சுவிட்சர்லாந்துக்காரர் இருந்தார். ஆர்கன் வாசிப்பவர். பிரெஞ்சு மொழி பேசும் சுவிஸ் வானொலியில் கிழக்கு ஐரோப்பிய நாட்டுப்புற இசைக்கென்று பல ஆண்டுகள் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். பல்கேரிய அரசு வானொலியின் பெண்கள் பாடகர் குழு பாடியவற்றைத் திரட்டி 1975இல் தன் சொந்த முத்திரையில் இசைத்தட்டாக வெளியிட்டார். அப்போது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 1986இல் லண்டனின் ராக் இசை நிறுவனம் ஒன்று அதை மறுபடி வெளியிட, உலகமே திரும்பிப் பார்த்தது. அதன் இரண்டாம் தொகுதிக்கு 1990இல் கிராமி விருது கிடைத்தது. கேட்டவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்காவது பல்கேரிய மொழி தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். அருகருகே உரசும் இரண்டு சுரங்களை நெஞ்சிலிருந்து உரத்துப் பாடும் அந்தக் குரல்கள் போதுமானவையாக இருந்தன.

இதை வைத்து இசைக்கு மொழி தேவையில்லை என்று மேடைப்பேச்சாகச் சொல்லிவிடாதீர்கள். தேவை இருக்கிறது. தாலாட்டா, அறுப்புப் பாட்டா, ஒப்பாரியா என்று தெரிந்து கேட்பது வேறு, தெரியாமல் கேட்பது வேறு. பாட்டுக்கு முன்னால் இரண்டே வாக்கியத்தில் அதைச் சொல்லிவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். யூடியூப் விஷயத்துக்கும் என் பதில் இதுதான். அங்கே எல்லாம் இருக்கிறது, ஆனால் பெயர் தெரிந்தால்தான் தேட முடியும். தேடி எடுத்தாலும் பத்து நொடியில் விரல் அடுத்ததற்குப் போய்விடும். “இதைக் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள், இரண்டாவது நிமிடத்தில் ஒரு பெண்குரல் வரும்” என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நம் ஊர்க்காரராக இருந்தால் இன்னும் நல்லது.

அப்படிப்பட்ட ஆட்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் லண்டனின் சார்லி கில்லெட். 1942இல் பிறந்தவர், 2010இல் காலமானார். ராக் அண்ட் ரோல் எப்படி உருவானது என்று 1970இல் அவர் எழுதிய வரலாறு இன்றும் மதிக்கப்படுகிறது. 1972 முதல் பிபிசியின் லண்டன் உள்ளூர் நிலையத்தில் வாரம் ஒரு நிகழ்ச்சி. டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற குழுவை எந்த நிறுவனமும் ஒப்பந்தம் செய்யாத காலத்தில், அவர்கள் அனுப்பிய மாதிரி நாடாவை 1977இல் ஒலிபரப்பியவர் அவர்தான். பிறகு அவர் கவனம் ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, அரபு நாடுகள் பக்கம் திரும்பியது. 1999 முதல் பிபிசி உலக சேவையில் நடத்திய நிகழ்ச்சி வழியாக அவர் குரல் கண்டங்கள் தாண்டிப் போனது.

அவர் குரலில் நிபுணர் தோரணையே இருக்காது. மெதுவாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பேசுவார். அவர் ‘ரேடியோ பிங்பாங்’ என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார். விருந்தினர் தன் இசைத்தட்டுகளோடு வருவார். கில்லெட் ஒரு பாட்டுப் போட்டால், அதைக் கேட்டுவிட்டு விருந்தினர் அதற்குப் பதிலாக ஒன்று போட வேண்டும், அதற்குப் பதிலாக மறுபடி கில்லெட். முன்கூட்டியே எழுதிவைத்த பட்டியல் கிடையாது. ஒரு பாட்டு அடுத்த பாட்டை எப்படி அழைக்கிறது என்பது கேட்பவருக்கு நேரடியாகத் தெரியும். உலக இசை நிகழ்ச்சியின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பாடல்களைத் திரட்டுவதைவிட எதற்குப் பின் எதை வைக்கிறோம் என்பதில்தான் வேலை.

அதனால்தான் இந்த வாரம் பிரேசில், அடுத்த வாரம் மாலி என்று நாடுவாரியாகப் போக வேண்டாம் என்கிறேன். அது கடைக்காரரின் தேவை. 1987 ஜூன் 29 அன்று லண்டனில் ஒரு மதுவிடுதியின் மாடியில் சிறு இசைத்தட்டு நிறுவனத்தார் கூடி, கடைகளில் இந்தத் தட்டுகளை எந்த அடுக்கில் வைப்பது என்று பேசி முடிவெடுத்தார்கள். ‘வேர்ல்ட் மியூசிக்’ என்ற பெயர்ப்பலகை அப்படித்தான் கடைக்கு வந்தது. கில்லெட்டும் அங்கே இருந்தார். விற்பனைக்கு அது உதவியது. வானொலிக்கு அந்த அடுக்கு வேண்டாம்.

நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிறார்கள். நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைக் கேட்டு வளர்ந்த பெரியவர்கள் உங்கள் அலைவரிசைக்குள்ளேயே இருப்பார்கள். முதல் வாரம் அந்தத் தோடியில் ஆரம்பியுங்கள். ஐந்து நிமிடம், குறுக்கே பேசாமல்.

அடுத்தது துருக்கியின் சுர்னா. அதுவும் நாகஸ்வரம்போல வாய்ப்பக்கத்தில் சீவாளி என்ற நாணல் துண்டு வைத்து ஊதுவதுதான், கூடவே தாவுல் என்ற பெரிய இருமுக மேளம். கல்யாண ஊர்வலத்துக்கு அதுதான். எதிர்னே நகரில் ஆண்டுதோறும் நடக்கும் கிர்க்பினார் எண்ணெய் மல்யுத்தத்துக்கும் அதுதான், மல்லர்கள் மோதும்போது வாசித்துக்கொண்டே இருப்பார்கள். சுர்னாக்காரர் சீவாளியை முழுக்க வாய்க்குள் வைத்துக்கொண்டு, மூக்கால் மூச்சை இழுத்தபடியே கன்னத்துக் காற்றை வெளியே தள்ளுவதால் ஒலி அறுவதே இல்லை. நாகஸ்வரத்தில் உதடு சீவாளியைப் பிடித்து, அழுத்தி, தளர்த்தி கமகம் கொண்டுவருகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் இந்த வித்தியாசம் காதிலேயே விளங்கிவிடும்.

மூன்றாவதாக வட மொராக்கோவின் மலைக்கிராமமான ஜஜூக்கா. அங்கே கைத்தா என்ற குழலைப் பலர் கூட்டமாக ஊதுவார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் பிரையன் ஜோன்ஸ் 1968இல் அங்கே போய்ப் பதிவு செய்த தட்டு, அவர் இறந்த பிறகு 1971இல் வெளிவந்தது.

பிறகு பிரான்ஸின் மேற்கு முனையில் இருக்கும் பிரிட்டனி. அங்கே பொம்பார்த் என்ற குட்டைக் குழலும் பினியூ என்ற சிறு பைக்குழலும் எப்போதும் ஜோடி. பைக்குழலில் ஒத்து, அதாவது ஒரே சுருதி, நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். பொம்பார்த் ஒரு வரி வாசிக்கும், பினியூ அதைத் திருப்பிச் சொல்லும், பிறகு இரண்டும் சேரும். சீவாளியை அழுத்திப் பிடித்து ஊதுவதால் பொம்பார்த்காரருக்கு உதடு ஓய்ந்துவிடும், அந்த இடைவெளி அவருக்கு மூச்சு வாங்கவும் உதவுகிறது. இவர்களுக்கும் கல்யாண ஊர்வலத்தில் முன்னால் நடப்பதுதான் பரம்பரை வேலை. கடைசியாக வட சீனாவின் சுவோனா என்ற சீவாளிக் குழல். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அதுதான். பறவைகளின் கூவலை எல்லாம் அதில் கொண்டுவரும் பழைய உருப்படி ஒன்று உண்டு, பிள்ளைகளுக்கு உடனே பிடிக்கும்.

இத்தனைக்கும் ஒரு வார்த்தைகூடப் புரிய வேண்டியதில்லை பாருங்கள். முதல் வாரம் பாடலே இல்லாமல் கருவி இசையை வைத்தால் ‘மொழி புரியாதே’ என்று சொல்லவே இடமிருக்காது. கேட்கிற பழக்கம் வந்தபிறகு, மூன்றாம் வாரம் பல்கேரியப் பெண்களைக் கொண்டுவரலாம்.

அப்புறம், இதைத் தனியாகச் செய்யாதீர்கள். உங்கள் பக்கத்து நாகஸ்வர வித்வான் ஒருவரை நிலையத்துக்கு அழைத்து உட்கார வையுங்கள். நீங்கள் பொம்பார்த்தைப் போடுங்கள், கேட்டுவிட்டு அவர் கருவியை எடுத்துப் பதில் வாசிக்கட்டும். சீவாளி ஈரமாக இல்லாவிட்டால் என்ன ஆகும், தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளத்துக்கு எப்படித் தாவுவது என்றெல்லாம் அவரால்தான் சொல்ல முடியும். சமுதாய வானொலி விதிப்படி பாதி நிகழ்ச்சியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு இருக்க வேண்டும். அந்த நிபந்தனையும் நிறைவேறும், ‘யார் கேட்பார்கள்’ என்ற கேள்விக்கு அவருடைய தெருவே பதில் சொல்லும். அவருக்குச் சன்மானம் கொடுக்க நிலையத்தாரிடம் வாதாடுங்கள். ஒலிபரப்பு உரிமம் எந்தப் பதிவுகளுக்கு உண்டு என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

காது பழக வேண்டுமானால் உலக வானொலிகளைக் கேட்க உதவும் ரேடியோ கார்டன் இணையதளத்தில் பூமிப்பந்தை உருட்டி ஏதாவது ஓர் ஊர் நிலையத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். பாரிஸின் ஃபிப் வானொலியையும் கேளுங்கள். 1971இல் தொடங்கியது. ஜாஸுக்குப் பின் ஆப்பிரிக்கா, அதன்பின் சாஸ்திரிய இசை என்று தையல் தெரியாமல் கோப்பார்கள். அமெரிக்காவில் 1988இல் தொடங்கிய ஆஃப்ரோபாப் வேர்ல்ட்வைட் வானொலி நிகழ்ச்சியில் கேமரூன்காரரான ஜார்ஜ் கொலினேயின் குரலைக் கேளுங்கள், உற்சாகம் என்றால் என்ன என்று தெரியும்.

பாட்டு முடிந்ததும் கலைஞரின் பெயரையும் ஊரையும் மறுபடி ஒருமுறை நிதானமாகச் சொல்லுங்கள். பாதியில் வானொலியைத் திருப்பியவர்கள் அதற்காகத்தான் காத்திருப்பார்கள். பிரிட்டனி, ஜஜூக்கா பதிவுகள் கிடைக்கச் சிரமமாக இருந்தால் எழுதுங்கள், எதைத் தேட வேண்டும் என்று விவரமாகச் சொல்கிறேன். முதல் நிகழ்ச்சியின் ஒலிப்பதிவை மறக்காமல் அனுப்பி வையுங்கள்.