ஜூஸர் வாங்கும் முன்: வாசகர் கேள்வி – பதில்

மிக்ஸியோடு ஜூஸர் ஜாரும் வந்திருக்கிறது. தினமும் கேரட், பீட்ரூட் ஜூஸ் குடிக்கலாம் என்றிருக்கிறோம். சாத்துக்குடியும் உண்டு. தனியாக ஜூஸர் வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகி, திருச்சி

சாத்துக்குடிக்கு மட்டும் என்றால் வேண்டாம். கையால் பிழியும் பிழிவானே போதும், கழுவுவதும் எளிது. கேரட், பீட்ரூட் தினமும் என்றால் தனி ஜூஸர் வாங்கலாம். மிக்ஸியின் ஜூஸர் ஜார் தண்ணீரோடு அரைத்து, நடுவிலுள்ள வலையில் வடிக்கிறது. தர்பூசணி, திராட்சைக்கு அது நன்றாகவே வரும். கேரட்டுக்குத் தண்ணீர் நிறைய ஊற்ற வேண்டியிருக்கும்; சக்கையிலும் பாதிச் சாறு தங்கிவிடும். மாம்பழம், சப்போட்டா, வாழைப்பழத்துக்கு எந்த ஜூஸரும் ஆகாது. சாறு பிரியாமல் கூழாக வந்து வலையை அடைக்கும். அவற்றுக்குச் சாதாரண மிக்ஸி ஜார்தான்.

ஒன்று 800 வாட்ஸ், இன்னொன்று 200 வாட்ஸ். 200 வாட்ஸ் உள்ளதுதான் விலை அதிகம்! ஏன்?
– வாசகர், ஈரோடு

இரண்டும் வேறு வேறு இயந்திரங்கள். வாட்ஸை வைத்து ஒப்பிட முடியாது. 800 வாட்ஸ் உள்ளது சென்ட்ரிஃப்யூகல் வகையாக இருக்கும். பல் வைத்த தட்டு நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுழன்று காயைத் துருவும். கூடவே சுழலும் வலை சாற்றை வெளியே வீசும். 200 வாட்ஸ் உள்ளது கோல்டு பிரஸ். இதில் மோட்டாரின் வேகத்தைக் கியர் குறைத்து, அழுத்தத்தைக் கூட்டுகிறது. தடித்த திருகு ஒன்று நிமிடத்துக்கு 40 முதல் 80 சுற்று வேகத்தில், செக்கு எள்ளை நசுக்குவதுபோலக் காயை நசுக்கும்.

அருகம்புல், கொத்தமல்லி போன்ற இலைகளுக்குக் கோல்டு பிரஸ்தான். சென்ட்ரிஃப்யூகலில் இலை பெரும்பாலும் அப்படியே சக்கைப் பெட்டிக்குப் போய்விடும். கேரட், ஆப்பிள் மட்டும், காலையில் அவசரம், பிழிந்த கையோடு குடித்துவிடுவீர்கள் என்றால் சென்ட்ரிஃப்யூகலே போதும். ஆனால் நுரை அதிகம் வரும், வைத்திருந்தால் சாறு சீக்கிரம் நீர் தனி, கசடு தனியாகப் பிரியும், சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். ‘சூட்டில் சத்தெல்லாம் போய்விடும்’ என்று கடையில் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நிமிட ஓட்டத்தில் சாறு அப்படிச் சூடேறாது.

எதை வாங்கினாலும், கடையிலேயே ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள். வாரண்டி மோட்டாருக்கு மட்டுமா, வலைக்கும் திருகுக்கும் உண்டா, உதிரிபாகம் உங்கள் ஊரில் கிடைக்குமா என்று கேளுங்கள். மோட்டாரைவிட முதலில் போவது வலையும் சிலிக்கான் வளையங்களும்தான்.

கோல்டு பிரஸ் அடிக்கடி நின்றுவிடுகிறது. சில நாள் சக்கை வரும் வழியில் சாறே வருகிறது.
– வாசகி, மதுரை

இரண்டுக்கும் காரணம் வேறு. நிற்பது, துண்டு பெரிதாக இருப்பதால் அல்லது வேகமாகத் திணிப்பதால். கேரட்டை விரல் பருமனுக்கு நீளவாக்கில் நறுக்குங்கள். இஞ்சி, அருகம்புல்லை 2 செ.மீ. அளவுக்கு வெட்டாவிட்டால் நார் திருகைச் சுற்றிக்கொள்ளும். ஒரு துண்டு இறங்கிய பின் அடுத்ததைப் போடுங்கள். நின்றால், ரிவர்ஸ் பட்டனை 3 முதல் 5 விநாடி அழுத்தி மறுபடி ஓட்டுங்கள். இரண்டு மூன்று முறைக்கும் அசையவில்லையா? பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றுங்கள்.

சக்கை வழியில் சாறு வருவது, கிண்ணத்தின் அடியில் இருக்கும் சிலிக்கான் அடைப்பான் சரியாக மூடாததால். கழுவும்போது திறந்துவிட்டு, திரும்ப அழுத்த மறந்திருப்பீர்கள்.

வலையில் ஆரஞ்சுக் கறை. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.
– வாசகி, நாகர்கோவில்

அது கேரட்டின் நிறமி; எண்ணெயில்தான் கரையும். தேங்காய் எண்ணெயைத் தடவிச் சிறிது நேரம் விட்டு, பிறகு சோப்புப் போடுங்கள். வெள்ளைப் படிவு என்றால் உப்புத் தண்ணீரின் வேலை. ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து அரைமணி நேரம் ஊறவிடுங்கள். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும். எல்லாவற்றையும்விட, சாறு பிழிந்தவுடன் கழுவிவிடுவதே மேல். காய்ந்த நார் வலைக்கண்ணை விட்டு லேசில் வராது. சென்ட்ரிஃப்யூகல் வலையில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் ஓட்டக் கூடாது. அந்த வேகத்தில் சிதறினால் ஆபத்து.

சாத்துக்குடி ஜூஸ் கசக்கிறது. பழமா, இயந்திரமா?
– வாசகர், தஞ்சாவூர்

விதை நசுங்கினாலும், வெள்ளைத் தோல் சேர்ந்தாலும் கசக்கும். இரண்டையும் நீக்கிப் பிழிந்தாலும், வைத்திருந்தால் லிமோனின் என்ற பொருள் உருவாகிக் கசப்பு ஏறும். உடனே குடித்துவிடுங்கள்.

சுரைக்காய் ஜூஸ் குடிப்பவர்கள் கசப்பை இப்படி எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிழிவதற்கு முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் காயோடு எறிந்துவிடுங்கள். குக்குர்பிட்டசின் என்ற நச்சு அது. வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்தப்போக்கு வரை கொண்டுபோகும். உப்போ தேனோ சேர்த்தால் அது முறியாது.