புதிய ஆய்வுப் படகு: பேட்டரியா, ஹைட்ரஜனா, மெத்தனாலா?

கேள்வி: தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் கடல் உயிரியல் துறையில் வேலை பார்க்கிறேன். மன்னார் வளைகுடாவில் மாதிரி எடுக்கப் போகும் எங்கள் டீசல் படகு பழசாகிவிட்டது. சுற்றுச்சூழலைக் கெடுக்காத புதிய படகு ஒன்றை 20 மீட்டர் நீளத்தில் கட்டத் திட்ட அறிக்கை கேட்டிருக்கிறார்கள். துறைத்தலைவர் ஹைட்ரஜன் என்கிறார், பொறியியல் துறைக்காரர்கள் பேட்டரி என்கிறார்கள், ஒருவர் மெத்தனால் என்றும் சொன்னார். எதை எழுதுவது?

பதில்: அறிக்கையின் முதல் பக்கத்தில் இந்த மூன்றில் எதையும் எழுத வேண்டாம். பழைய படகின் பயணப் பதிவேட்டை எடுங்கள். போன இரண்டு வருடங்களில் எத்தனை முறை கடலுக்குப் போனீர்கள், அதில் எத்தனை முறை அன்றே திரும்பினீர்கள், எவ்வளவு நேரம் ஓடினீர்கள், எவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நின்று வலை இழுத்தீர்கள், நீர் எடுத்தீர்கள்? எரிபொருள் எது என்பது பெரும்பாலும் இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனம் இப்படித்தான் யோசித்தது. 1981-இல் கட்டிய தன் கடலோர ஆய்வுக் கப்பலுக்கு மாற்றாக ஒன்றைக் கட்ட 2021-இல் அந்த மாநில அரசிடம் 3.5 கோடி டாலர் பெற்றது. அதற்கு முன்பே, 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், திரவ ஹைட்ரஜனை மட்டுமே வைத்து 2,400 கடல் மைல் ஓடும் கப்பலைக் கட்ட முடியும் என்று அவர்களும் அமெரிக்க அரசின் சாண்டியா தேசிய ஆய்வகமும் காட்டியிருந்தார்கள். ஆனால் கடலோரக் கப்பலுக்கு வந்தபோது கலப்பு முறையைத்தான் எடுத்தார்கள். முக்கால்வாசிப் பயணங்கள் முழுக்க ஹைட்ரஜனில் போகும், மீதி நீண்ட பயணங்களுக்கு டீசல் ஜெனரேட்டர் கைகொடுக்கும். கால்வாசி நீண்ட பயணங்களுக்காக மொத்தக் கப்பலையும் பெரிதாக்கவில்லை. நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான், ஹைட்ரஜனை அல்ல.

உங்கள் படகுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 7 நாட் (மணிக்கு 7 கடல் மைல்) வேகத்துக்கு 60 கிலோவாட் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக இரண்டு மணி, வர இரண்டு மணி, ஆக 240 யூனிட். நின்று வேலை செய்யும் ஆறு மணி நேரத்துக்கு வலை இழுக்கும் வின்ச், ஆய்வறை, குளிர்பெட்டி எல்லாம் சேர்த்து 60 யூனிட். மொத்தம் 300. பேட்டரியை அடிவரை காலி செய்யக் கூடாது, அதனால் 400 யூனிட் கொள்ளளவு வேண்டும். தாங்கும் சட்டகம், குளிரூட்டலோடு சேர்த்தால் சுமார் 4 டன் எடை. இதே வேலைக்கு டீசல் 80 லிட்டர் போதும். இரண்டு கேனில் பிடித்துவிடலாம்! ஆனாலும் 20 மீட்டர் படகு 4 டன்னைத் தாங்கும், அடியில் வைத்தால் ஆட்டமும் குறையும். மூன்று நாள் பயணம் என்றால் 12 டன், அது ஆகாது. அதற்கும், கச்சான் காற்று ஓங்கும் மாதங்களில் திரும்பிவர வேண்டிய கையிருப்புக்கும் சேர்த்து ஒரு சிறிய டீசல் ஜெனரேட்டர் இருக்கட்டும். ஒன்று கவனியுங்கள். 9 நாட் வேகத்தில் போக ஆசைப்பட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி வேண்டும். வேகத்தில் பிடிவாதம் பிடித்தால் பேட்டரித் திட்டம் அங்கேயே கவிழ்ந்துவிடும்.

பேட்டரி வைத்ததாலேயே படகு பசுமையாகிவிடாது. நம் மின்கட்டத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. சார்ஜ் ஏற்றும் இழப்பையும் சேர்த்தால் உங்கள் ஒருநாள் பயணத்துக்கு 230 கிலோ. 80 லிட்டர் டீசலை எரித்தால் 215 கிலோ! புகை படகிலிருந்து அனல்மின் நிலையத்துக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ஆகவே கல்லூரிக் கூரையில் சூரியத் தகடுகளையும் அதே திட்ட அறிக்கையில் சேர்த்து எழுதுங்கள். மாதம் பத்து நாள் கடலுக்குப் போகிறீர்கள் என்றால் 30 கிலோவாட் அளவு போதும். ஜெட்டியில் இரவு முழுக்க 50 கிலோவாட் எடுக்க மும்முனை இணைப்பு வேண்டும். மின்வாரியத்துக்கான விண்ணப்பத்தை இப்போதே கொடுத்துவிடுங்கள்.

ஹைட்ரஜன் ஆசை எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. வாரணாசிக்காகக் கொச்சியில் கட்டிய ஹைட்ரஜன் படகை 2024 பிப்ரவரியில் பிரதமர் தொடங்கிவைத்தது உங்கள் தூத்துக்குடி மேடையிலிருந்துதான். அது ஆற்றில் ஓடுவது. கடலில், உங்கள் அளவுப் படகில், ஹைட்ரஜனுக்கு இடமே கிடைக்காது. மைனஸ் 253 டிகிரியில் திரவமாக்கினாலும் டீசலைப் போல நாலு மடங்கு இடம் பிடிக்கும், தொட்டியின் காப்புறை தனி.

மெத்தனால் அவ்வளவு இடம் கேட்காது, இரண்டரை மடங்குக்குள் அடங்கும். ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனம் 1982-இல் கட்டிய 'ஊட்ஹோர்ன்' கப்பலுக்குப் பதிலாக அதே பெயரில் கட்டிய 35 மீட்டர் கப்பல் மெத்தனாலில்தான் ஓடுகிறது. ஆனால் மெத்தனால் நஞ்சு. 12 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவி விடும்; தூத்துக்குடி வெயிலைச் சொல்லவே வேண்டாம். பட்டப்பகலில் அதன் தீ கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. மாணவர்கள் ஏறி இறங்கும் சின்னப் படகுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மின்சார ஓட்டத்தை நான் ஆதரிப்பதற்குப் புகையைவிடப் பெரிய காரணம் சத்தம். மீன்களை எண்ணப் போகிற படகு மீன்களை விரட்டக் கூடாது. ஆய்வுக் கப்பல்கள் நீருக்கடியில் எவ்வளவு சத்தம் போடலாம் என்று சர்வதேசக் கடல் ஆய்வு மன்றம் 1995-லேயே வரையறை வெளியிட்டிருக்கிறது. டெண்டரில் அதை எழுதுங்கள், முழுதாக எட்ட முடியாவிட்டாலும் பரவாயில்லை. இயந்திரம் அணைந்து நிற்கும்போது டீசல் புகை உங்கள் மாதிரிப் புட்டிக்குள் இறங்காது என்பது இன்னொரு லாபம்.

அப்புறம் வின்ச். எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ராலிக் வேண்டாம், மின்சார வின்ச் கேளுங்கள். குழாய் கசிந்து, மிதவை உயிரி வலையெல்லாம் எண்ணெயாகி, ஒரு பருவத்து மாதிரிகளை அப்படியே கொட்டிய அனுபவம் எனக்கு உண்டு. அடிப்பகுதிக்குச் செம்பு கலந்த பெயின்ட் அடித்தால் கடல்நீரில் செம்பை அளக்கும் ஆராய்ச்சியை மறந்துவிட வேண்டியதுதான். சிலிக்கோன் பூச்சுக்கு விலை கூடுதல். படகு ஓடாமல் கிடந்தால் அதிலும் பாசி ஏறும்.

டெண்டருக்கு முன் இரண்டு வேலைகள். பேட்டரி அறையின் தீத்தடுப்பு, காற்றோட்டம் பற்றி கப்பல்களைச் சோதித்துச் சான்று தரும் இந்தியக் கப்பல் பதிவகத்திடம் வரைபட நிலையிலேயே கருத்துக் கேளுங்கள். படகு கட்டிய பிறகு மாற்றினால் செலவு தாங்காது. இன்னொன்று, பழைய படகில் எரிபொருள் மானி ஒன்றைப் பொருத்தி ஒரு மாதம் ஓட்டுங்கள். 60 கிலோவாட் என்று நான் வைத்தது உத்தேசம்தான். உங்கள் கடலில் அது 45 ஆகவும் இருக்கலாம், 90 ஆகவும் இருக்கலாம்; 90 என்றால் மேலே போட்ட பேட்டரிக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.