எதிருரை எழுதக் கற்றுக்கொடுத்தால் வாய்தா குறையுமா?

கேள்வி: சட்டக் கல்லூரியில் உரிமையியல் (சிவில்) நடைமுறைச் சட்டம் கற்பிக்கிறேன். எங்கள் பாடத்திட்டச் சீரமைப்புக் குழு, உரிமையியல் வழக்குகளின் தாமதத்தைக் குறைக்கச் சட்டக் கல்வி என்ன செய்யலாம் என்று என்னிடம் ஒரு முன்மொழிவு கேட்டிருக்கிறது. நீதிபதிகள் போதாமைதான் காரணம், வகுப்பறைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்கிறார்கள் சக ஆசிரியர்கள். உண்மையிலேயே தொடர்பு உண்டா? இருந்தால் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் சக ஆசிரியர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. காலிப் பணியிடங்களைப் பாடத்திட்டத்தால் நிரப்ப முடியாது. ஆனால் ஒரு வழக்குக் கட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தால், நீதிபதி இல்லாததால் கழிந்த நாள்கள் ஒருபுறமிருக்க, நீதிபதி இருந்தும், இரு தரப்பும் வந்திருந்தும், எதைப் பற்றிய வழக்கு என்பதே தெளிவாகாததால் கழிந்த நாள்கள் எவ்வளவு என்பதும் தெரியும். அந்த இரண்டாவது வகைத் தாமதம்தான் உங்கள் வகுப்பறையோடு நேரடித் தொடர்புடையது.

ஓர் எளிய கடன் வழக்கை எடுத்துக்கொள்வோம். பிரதிவாதி புரோநோட்டு (கடனைத் திருப்பித் தருவதாக உறுதியளிக்கும் சீட்டு) எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கினார், திருப்பித் தரவில்லை என்பது வாதியின் வழக்கு. கையெழுத்து தன்னுடையதுதான், ஆனால் பணத்தை முழுவதும் திருப்பிக் கொடுத்துவிட்டேன், சீட்டைத் திரும்ப வாங்க மறந்துவிட்டேன் என்று பிரதிவாதி தம் வழக்கறிஞரிடம் சொல்கிறார். இங்கே தீர்மானிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: பணம் திரும்பக் கொடுக்கப்பட்டதா? அதை மெய்ப்பிக்கும் சுமை பிரதிவாதியுடையது. இனி, தாக்கலாகும் எதிருரையை, அதாவது வாதியின் வழக்குரைக்குப் பிரதிவாதி எழுத்தில் தரும் பதிலைப் பாருங்கள்: "வழக்குரையின் 4ஆவது பத்தியில் கண்டுள்ள சங்கதிகள் யாவும் உண்மைக்குப் புறம்பானவை, அவற்றை வாதி தக்க சாட்சியங்கள் மூலம் கண்டிப்புடன் மெய்ப்பிக்கக் கடமைப்பட்டவர்." அடுத்த பத்தியில் கையெழுத்து மறுக்கப்படுகிறது. அதற்கடுத்த பத்தியில், கடன் உண்டு என்றே வைத்துக்கொண்டாலும் அது தீர்க்கப்பட்டுவிட்டது என்கிறார்கள். பிறகு வழக்குத் தொடுக்கும் காலவரம்பு கடந்துவிட்டது என்ற வாதம், பிறகு நீதிமன்றக் கட்டணம் பற்றிய வாதம். ஒன்றாக இருந்திருக்க வேண்டிய எழுவினா (நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய கேள்வி) ஐந்தாகிவிட்டது. கையெழுத்து நிபுணருக்கு அனுப்ப ஒரு மனு, அதற்கு ஓர் எதிர்மனு, சீட்டில் சாட்சிக் கையெழுத்திட்டவர்களை அழைக்க அழைப்பாணை, அவர்கள் வராத நாள்களுக்கு வாய்தா.

மாற்று வாதங்களை எழுப்பும் உரிமையை நான் குறை கூறவில்லை. காலவரம்பு போன்ற சட்ட வாதம் வேறு. தான் போட்ட கையெழுத்தா இல்லையா என்பது ஒருவரின் சொந்த அறிவுக்கு உட்பட்ட செய்தி, அதை மறுத்துவிட்டுப் பிறகு "அப்படியே வைத்துக்கொண்டாலும்" என்று தொடர்வது வேறு.

இதைத் தடுக்க விதி இல்லையா என்றால், நன்றாகவே இருக்கிறது. இந்தியாவின் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், 8ஆவது கட்டளையின் (ஒரு பொருள் பற்றிய விதிகளின் தொகுப்பே கட்டளை) 3 முதல் 5 வரையிலான விதிகள், மறுப்பு குறிப்பாக இருக்க வேண்டும், மழுப்பலாக இருக்கக் கூடாது, குறிப்பாக மறுக்கப்படாத சங்கதி ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கொள்ளப்படும் என்கின்றன. முதல் விசாரணையிலேயே நீதிபதி தரப்பினரிடம் வாய்மொழியாகக் கேட்டு ஒப்புதலையும் மறுப்பையும் பதிவு செய்ய 10ஆவது கட்டளை வழி வைத்திருக்கிறது. நூற்றாண்டைக் கடந்த விதிகள் இவை. ஆனாலும் மழுப்பல் மறுப்பு எப்படி நீடிக்கிறது? புதிதாகத் தொழிலுக்கு வரும் இளைஞர் எதிருரை எழுதக் கற்பது கல்லூரியில் அல்ல. மூத்தவர் அலுவலகக் கணினியில் கிடக்கும் பழைய எதிருரையில் பெயரையும் தேதியையும் மாற்றிக் கற்கிறார். விதியை அவர் தேர்வுக்காகப் படித்திருக்கிறார், அந்த விதிப்படி ஒரு பத்தியைக்கூட எழுதிப் பார்த்ததில்லை. குறிப்பாக மறுத்தால் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துவிடுவோம் என்ற அச்சமும் அந்தப் பழைய படியோடு சேர்ந்தே அவருக்கு வந்துவிடுகிறது.

விதியை மட்டும் இறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2002ஆம் ஆண்டுத் திருத்தங்களே சான்று. எதிருரைக்கு 30 நாள், நீட்டித்தால் 90 நாள், ஒரு தரப்புக்கு விசாரணையில் மூன்று வாய்தாவுக்கு மேல் கிடையாது என்று வரம்புகள் வந்தன. 2005இல் உச்ச நீதிமன்றம், எதிருரைக்கான வரம்பு கட்டாயமானதன்று, வழிகாட்டும் தன்மையுடையதே, விதிவிலக்கான சூழலில் தளர்த்தலாம் என்றது. விதிவிலக்கு வெகு விரைவில் வழக்கமாகிவிட்டது. இதனால்தான் 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டம், வணிக வழக்குகளுக்கு 120 நாளைத் தாண்டினால் எதிருரையே ஏற்கப்படாது என்று கதவை அடைக்க வேண்டி வந்தது.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. நீதிபதி வுல்ஃப் பிரபு 1996இல் அளித்த இறுதி அறிக்கையின் அடிப்படையில் 1999 ஏப்ரல் 26 அன்று நடைமுறைக்கு வந்த புதிய விதிகள், வழக்கின் ஓட்டத்தைத் தரப்பினரிடமிருந்து எடுத்து நீதிபதியின் கையில் கொடுத்தன. வழக்குத் தொடுப்பதற்கு முன்பே ஆவணங்களைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறைகள் வந்தன. எதிருரையில் ஒரு கூற்றை மறுப்பவர் ஏன் மறுக்கிறார் என்றும் சொல்ல வேண்டும் என்றாயிற்று. கூறுவது உண்மை என்ற உறுதிமொழியில் கையெழுத்திட்டு, நேர்மையான நம்பிக்கையின்றிப் பொய் சொன்னால் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை வரலாம் என்ற நிலை உருவானது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. செலவு குறையவில்லை, வழக்கின் முற்பகுதிக்கு இடம் மாறியது. அதனால்தான் ஜாக்சன் நீதிபதி செலவுகளை மட்டுமே தனியாக ஆராய்ந்து 2010 ஜனவரியில் இன்னோர் அறிக்கை தர நேர்ந்தது. உங்கள் முன்மொழிவில் இங்கிலாந்தை மேற்கோள் காட்டுவதானால் இந்தப் பின்கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எனினும் உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான முன்மாதிரி ஜெர்மனி என்றே கருதுகிறேன். அங்கே பல்கலைக்கழகப் படிப்பை முடித்தவர், நீதிபதியாக விரும்பினாலும் வழக்கறிஞராக விரும்பினாலும், 'ரெஃபரெண்டாரியாட்' எனப்படும் இரண்டாண்டுப் பயிற்சியைக் கடக்க வேண்டும். அதில் ஒரு கட்டம் உரிமையியல் நீதிமன்றத்தில். அங்கே அவர் உண்மையான வழக்குக் கட்டைப் படித்துத் தீர்ப்பின் வரைவை எழுதுகிறார். அதற்கு அவர்கள் கற்பிக்கும் முறை எளிமையானது, ஆனால் கண்டிப்பானது. வாதி சொல்வதெல்லாம் உண்மை என்றே கொண்டால் அவர் கேட்கும் பரிகாரம் சட்டப்படி கிடைக்குமா என்பது முதல் கேள்வி. கிடைக்காது என்றால் சாட்சிக்கே இடமில்லை. கிடைக்கும் என்றால், பிரதிவாதி சொல்வது உண்மையானால் முடிவு மாறுமா என்பது அடுத்தது. இரண்டையும் கடந்து, முடிவை மாற்றக்கூடியதாகவும் இரு தரப்பும் முரண்படுவதாகவும் எஞ்சும் சங்கதிக்கு மட்டுமே சாட்சியம் எடுக்கப்படும். மேலே சொன்ன புரோநோட்டு வழக்கில் இந்தச் சல்லடை பணம் திரும்பியதா என்ற ஒன்றைத் தவிர மற்றவற்றைக் கீழே விட்டுவிடும். வழக்கறிஞரும் நீதிபதியும் இதே பயிற்சியில் வந்தவர்கள் என்பதால் ஒருவர் எழுதுவதை மற்றவர் எந்தக் கண்ணோடு படிப்பார் என்பது இருவருக்கும் தெரியும். வழக்கறிஞர் கட்டணம் வாய்தா எண்ணிக்கையைச் சார்ந்திராமல், வழக்கின் மதிப்பை வைத்துச் சட்டத்தால் வரையறுக்கப்படுவதும் துணை செய்கிறது என்பதை மறைக்கக் கூடாது. அதைப் பாடத்திட்டத்தால் கொண்டுவர முடியாது.

எனவே புதிய தாள் எதையும் சேர்க்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008ஆம் ஆண்டு விதிகளில் வரைவு, தொழில் நெறி, மாற்றுமுறைத் தீர்வு, மாதிரி நீதிமன்றமும் உள்ளிருப்புப் பயிற்சியும் என நான்கு செயல்முறைத் தாள்கள் ஏற்கெனவே கட்டாயம். அவை பெரும்பாலும் அழகிய கையெழுத்தில் நகலெடுத்த பதிவேடுகளாக முடிகின்றன என்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வரைவுத் தாளையும் உங்கள் நடைமுறைச் சட்டத் தாளையும் ஒரே பருவத்தில் இணைத்து, பெயர் நீக்கிய ஒரு வழக்குக் கட்டை வைத்து முழுப் பருவத்தையும் நடத்த அனுமதி கேளுங்கள். மாணவர் கட்சிக்காரராக நடிப்பவரிடம் விவரம் கேட்பதில் தொடங்கி, சமரசத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து பார்த்து, எதிருரையும் எழுவினாக்களும் எழுதி, தீர்ப்பாணையை (தீர்ப்பின்படி யாருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்ற ஆணை) நிறைவேற்றும் மனு வரை போக வேண்டும்.

கடைசிக் கட்டத்தை நேரமில்லை என்று விட்டுவிடாதீர்கள். தீர்ப்பாணை பெற்ற பிறகே வழக்காடியின் தொல்லை தொடங்குகிறது என்று, ஆங்கிலேயர் ஆட்சியில் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் சொன்னது 1872இல். நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அறிவுறுத்த நேர்ந்தது 2021இல். ஆனால் கல்லூரியில், தீர்ப்பாணையை நிறைவேற்றுவது பற்றிய 21ஆவது கட்டளை, பருவத்தின் இறுதி வாரத்தில் அவசரமாகப் புரட்டப்படும் பகுதி.

தேர்வு முறையையும் மாற்றக் கேளுங்கள். அது மாறாவிட்டால் மற்றவை ஏட்டளவில் நிற்கும். "எழுவினா என்றால் என்ன, விளக்குக" என்பதற்குப் பதிலாக, வழக்குரையும் எதிருரையும் சேர்ந்த பத்துப் பக்கத்தைக் கொடுத்து எழுவினாக்களை வரையச் சொல்லலாம். குழுவின் முடிவுக்குக் காத்திராமல் அடுத்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வகுப்பை இரண்டாகப் பிரித்து, இதே புரோநோட்டு வழக்கில் ஒரு பாதியைப் பழைய படியைப் பார்த்து எதிருரை எழுதச் சொல்லுங்கள். மறுபாதிக்கு, ஒவ்வொரு மறுப்புக்கும் காரணம் எழுத வேண்டும் என்ற நிபந்தனை விதியுங்கள். பிறகு இரண்டையும் மாற்றிக் கொடுத்து, எத்தனை எழுவினா, எத்தனை சாட்சி என்று எண்ணச் சொல்லிக் கரும்பலகையில் எழுதுங்கள். அந்த எண்களை உங்கள் முன்மொழிவின் முதல் பக்கத்திலேயே சேர்த்துவிடலாம்.